நிறைநாழியும் இரட்டைக்குழலும்

விக்கிரமசிங்கபுரத்தில் சொரிமுத்துவின் வீட்டுக்குப் போகிற யாரும் ஒரு பாடம் கேட்காமல் திரும்பியதில்லை. துப்பாக்கியைப் பற்றிய பாடம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு வங்கி வாசலில் சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர் அவர். சிலிண்டர் போட வருகிறவரானாலும் சரி, கேபிளுக்குப் பணம் வாங்க வருகிறவரானாலும் சரி, அவருக்கு எல்லாரும் மாணவர்கள்தான்.

"துப்பாக்கி காலியா இருக்குன்னு எவன் சொன்னாலும் நம்பாதீய. நானே சொன்னாலும் நம்பாதீய. தொறந்து, கண்ணால பாத்துட்டு நம்புங்க" என்று ஆரம்பிப்பார். குழலை ஆள் பக்கம் திருப்பக்கூடாது, சுடுகிற நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், பூட்டுப்பொத்தானை ஒருகாலும் நம்பக்கூடாது என்று வரிசையாகப் போகும். சிலிண்டர்காரர் தோளில் கனத்தோடு தலையாட்டுவார். தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி வாங்குகிற பிள்ளைகள்கூட அந்தத் தெருவில் மட்டும் விரலை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓடும். மனிதரின் ஆட்சி அப்படி.

வீட்டுக்குள் ஆட்சி இன்னும் கடுமை. துப்பாக்கி இருக்கும் பீரோவின் சாவி அவருடைய இடுப்பில். தோட்டாப் பெட்டியின் சாவி மனைவி சந்தனமாரியின் கழுத்துச் சங்கிலியில். "ரெண்டும் ஒரே கையில இருக்கப்பிடாது ஏட்டி. எனக்குக் கோவம் வந்தாலும் உன்னத் தாண்டித்தான் வரணும்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிக் கொடுத்தது. சந்தனமாரிக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். வேறு எந்த வீட்டுக்காரி வெடிமருந்துக்கு அதிகாரியாக இருக்கிறாள்?

அவள் தையல்காரி. மில்லுக்குப் போகும் பெண்கள், வங்கிக்குப் போகும் பெண்கள் என்று ஊரில் பாதி ரவிக்கை அவள் மிஷினில்தான் உருவாகும். ஒரே மகள் தனலட்சுமி அம்பாசமுத்திரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஸ்கூட்டரில் போய்வந்தாள். அந்த ஸ்கூட்டர் ஏன் இத்தனை பெட்ரோல் குடிக்கிறது என்ற குழப்பம் சந்தனமாரிக்கு வெகுநாள் இருந்தது. அம்பாசமுத்திரம் பெட்ரோல் பங்கில் மாடக்கண்ணு என்றொரு பையன் வேலை பார்க்கிறான் என்று மகள் ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோதுதான் வண்டியின் மேல் குற்றமில்லை என்று விளங்கியது.

விசாரித்தார்கள். நல்ல பையன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வீடு. தகப்பன் இல்லை. தாய் இசக்கியம்மாள் அப்பளம் போட்டு ஆளாக்கியவள். அவளிடம்தான் சிக்கல். லேசில் எதற்கும் தலையசைக்காத மனுஷி என்று பெயர். பார்த்த பெண்களையெல்லாம் 'ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்' என்று சொல்லிவிட்டு வந்தவள். சொல்லி அனுப்பியதே இல்லை. மகன் கெஞ்சிக் கூத்தாடி, சரஸ்வதி பூசைக்கு மறுநாள், விசயதசமி அன்று பெண் பார்க்க வருகிறேன் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தான்.

"அந்த அம்மா 'சொல்லி அனுப்புதோம்'னு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிரும்மா" என்றாள் தனலட்சுமி. அதற்கப்புறம் சந்தனமாரி தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

பூசையன்று வீட்டிலிருந்த கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்துப் பூசை அறையில் பரப்பினாள். தையல் மிஷின், கத்திரி, அரிவாமணை, அம்மி, மகள் ரத்தம் எடுக்கிற ஊசிப்பெட்டி, இவற்றுக்கு நடுவில் துப்பாக்கி. சொரிமுத்து வைப்பதற்கு முன்னால் அதை மடித்துத் திறந்து, இரண்டு குழல்களிலும் வெளிச்சம் தெரிவதை மனைவிக்கும் மகளுக்கும் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க. காலி."

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார்கள் இருவரும். வருஷா வருஷம் பார்ப்பதுதான். ராத்திரி துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சொரிமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற தாமிரபரணியை விட்டுவிட்டு வீட்டுக் குழாயடியில் குளிக்க அவருக்கு மனசு வராது. பொதிகை மேல் மேகம் கட்டியிருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, வருகிறவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று சந்தனமாரி பூசையை மறுபடி ஒழுங்கு செய்ய உட்கார்ந்தாள்.

அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக்கூடாது. நாழியை வைத்தால் நெல்லைக் குவித்து நிறைநாழியாக வைக்க வேண்டும். வெறும் நாழி வைத்தால் வந்த நல்லது வாசலோடு திரும்பிப் போய்விடும். நாழியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்தாள். அம்மியில் ஒரு பிடி பச்சரிசி. தையல் மிஷினில் நூல் கோத்து, பாபினிலும் நிறைய நூல் சுற்றி வைத்தாள். வாசலில் நின்ற ஸ்கூட்டரில்கூட டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தது. அதை மகள் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் நிறைந்திருந்தது. துப்பாக்கி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

முதலில் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை வருஷமும் இப்படித்தானே வைத்தோம் என்று ஒரு மனசு சொன்னது. இத்தனை வருஷமும் இசக்கியம்மாள் பெண் பார்க்க வரவில்லையே என்று இன்னொரு மனசு சொன்னது. தோட்டாப் பெட்டியைத் திறந்தாள். துப்பாக்கியை அவர் மடிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! இரண்டு குழலிலும் ஒவ்வொரு தோட்டாவை வைத்து மூடினாள். வெற்றிலைப்பெட்டியில் வெற்றிலை வைப்பதுபோலத்தான் அவளுக்கு இருந்தது. மடிப்புக்கு மேலே மஞ்சள் தடவிய நூலைச் சுற்றிக் கட்டி, பொட்டு வைத்து, பூச் சார்த்தினாள். அவர்கள் போனதும் எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

தாயே, என் பிள்ளைக்கு நிறைவாக அமையட்டும் என்று கும்பிட்டுவிட்டுக் கேசரி கிண்டப் போய்விட்டாள்.

முற்பகலில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இசக்கியம்மாள், மாடக்கண்ணு, அவனுடைய தாய்மாமன் பேச்சிராஜ். பேச்சிராஜ் பெயருக்கு ஏற்ற ஆள். ஆட்டோவிலிருந்து ஒரு கால் கீழே வைப்பதற்குள் மழை, நாற்று, உர விலை எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். இசக்கியம்மாள் பேசவே இல்லை. மங்களூர் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பூசையைப் பார்த்தாள். தனலட்சுமி கேசரியும் காப்பியும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டபோது ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன வேல பாக்க தாயி?"

"ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவேன் அத்த."

"ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் சந்தனமாரி அடுப்படிக்குப் போய் வாழைக்காய்ப் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைத்தாள். மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"யம்மா, அவாளுக்குப் பிடிக்கலியோ?"

"பைய பேசு. பிடிக்கும்ட்டி. சாமி இருக்கு."

கூடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிராஜின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட துப்பாக்கி இருக்காமே! சினிமாவுல பாத்ததோட சரி. கொஞ்சம் காட்டுதியளா?"

சொரிமுத்துவிடம் இதைக் கேட்பதும் பசித்தவனைச் சாப்பிடுகிறாயா என்று கேட்பதும் ஒன்று. அவர் எழுந்து பூசை அறைக்குள் போனார். சந்தனமாரிக்கு எண்ணெய் இரைச்சலில் அது காதில் விழவில்லை. மாலையும் பொட்டுமாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து காட்டத்தான் கை போனது. மடிப்பில் பூசைக் கயிறு கட்டியிருந்தது. நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் பூசைக் கயிற்றை அறுப்பானேன் என்று நினைத்தார். நேற்றுத் தன் கையாலேயே பார்த்து வைத்ததுதானே! ஊருக்கெல்லாம் சொன்ன முதல் பாடத்தை அந்த இடத்தில் விட்டார்.

"இந்தாங்க மாப்பிள, பிடிச்சுப் பாருங்க. என்னா கனம் பாருங்க!" என்று மாடக்கண்ணுவிடம் நீட்டினார்.

இது சந்தனமாரியின் காதில் விழுந்தது. கையில் சல்லிக்கரண்டியோடு, "ஏங்க! குடுக்காதீய!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அடுப்படி நிலையைத் தாண்டவில்லை.

வெடித்தது.

வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. மேலே ஓடு இரண்டு சுக்குநூறாகி, தூசும் துண்டுமாகக் கூடத்தில் கொட்டியது. கேசரித் தட்டின் மேல் முழுசாக ஒரு ஓட்டுத் துண்டு குத்தி நின்றது. காதில் 'ஙொய்ய்' என்ற சத்தம். தூசு அடங்கியபோது மாடக்கண்ணு அதே இடத்தில், குழலைக் கூரைக்கு நேராகப் பிடித்தபடி, வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மாள் மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய குரல் வந்தது.

"எல்லாரும் இருக்கியளா?"

எல்லாரும் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சந்தனமாரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்குள் தெருவில் குலவைச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து வாய்கள் சேர்ந்து போடுகிற குலவை. பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சிரித்துக்கொண்டே படியேறினாள். பின்னால் தெருப் பெண்கள்.

"வெடி போட்டாச்சே! நிச்சயம் ஆயிட்டுல்லா மாரி? எனக்கு அப்பமே தெரியும்... ஏட்டி, என்ன இது, ஓடெல்லாம் ஒடஞ்சு கெடக்கு?"

குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது.

சொரிமுத்து மாடக்கண்ணுவின் கையிலிருந்து துப்பாக்கியைப் பதனமாக வாங்கினார். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கயிற்றை அறுத்து மடித்தார். ஒரு வெற்றுக் கூடும், வெடிக்காத ஒரு தோட்டாவும் அவருடைய உள்ளங்கையில் விழுந்தன. அவர் அந்தத் தோட்டாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவளுடைய கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார். வீட்டில் அந்தச் சாவி இருக்கிற கழுத்து ஒன்றுதான்.

சந்தனமாரி சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டாள். இப்போது கத்துவார். கத்தட்டும்.

அவர் கத்தவில்லை. இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கணும் தாயி. குத்தம் என்னுதுதான். முந்தாநேத்து வங்கியிலேருந்து கொண்டாந்தப்ப தோட்டாவ எடுக்க மறந்துட்டேன்."

தனலட்சுமி வாயைத் திறந்தாள். அப்பா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

மறந்துட்டேன்! அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததைச் சந்தனமாரியால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சிலிண்டர்காரனுக்கும் கேபிள்காரனுக்கும் வகுப்பு எடுத்த மனுஷன், தெருவே வாசலில் நின்று கேட்க, மறந்துட்டேன் என்கிறார். நாளைக்கு இது வங்கிக்குப் போகும். தோட்டாவை மறக்கிற காவல்காரனை எவன் வாசலில் நிறுத்துவான்? இவளைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுக்கிறார். உண்மையைச் சொன்னால் மகளின் காரியம் போய்விடும். துப்பாக்கியில் தோட்டா போட்டு வைக்கிற வீட்டில் எந்தத் தாய் பெண் எடுப்பாள்? சொல்லாவிட்டால் இந்த மனுஷனின் பெயரும் வேலையும் போய்விடும். மகளைப் பார்த்தாள். தனலட்சுமி கண் நிறைய நீரோடு, அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். சொல்லிவிடும்மா என்று அர்த்தம்.

"அவுக மறக்கல" என்றாள் சந்தனமாரி. "நான்தான் போட்டேன்."

"ஏட்டி, சும்மா இரு."

"இருக்க மாட்டேன். அவுக ஆத்துக்குக் குளிக்கப் போயிருந்தாவ. நான்தான் பெட்டியத் தெறந்து ரெண்டையும் போட்டேன். எல்லாம் நெறஞ்சு இருக்கு, இது மட்டும் வெறுமையா கெடக்கேன்னு..." அழுகை வந்தது. நேராக இசக்கியம்மாளைப் பார்த்தாள். "யக்கா, நீங்களே சொல்லுங்க. நல்ல காரியம் பேசுத அன்னைக்கி சாமி முன்னால நாழிய வெறுமனே வைக்கலாமா?"

அதுவரை ஒரு கேள்வியும் ஒரு 'ம்'மும் தவிர வாய் திறக்காத இசக்கியம்மாள் பேசினாள்.

"அது எப்படி வைக்கலாம்? வைக்கப்பிடாதுல்லா."

பேச்சிராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "யக்கா, நீ என்ன பேசுத?"

"நீ சும்மா கெடலே. அப்பள உரல நான் வெறுமையாவா வைக்கேன்? ஒரு உருண்ட உளுந்தமாவு வச்சுத்தான சாமி கும்பிடுதேன். அவ வீட்டுல துப்பாக்கி இருந்துருக்கு, தோட்டா வச்சுருக்கா. என் வீட்டுல துப்பாக்கி இருந்தா நானும் வச்சுருப்பேன்."

"வச்சிருந்தா நாங்க எல்லாரும் இந்நேரம் போயிருப்போம்" என்றார் பேச்சிராஜ், கூரையில் விழுந்த ஓட்டையைப் பார்த்து.

சொரிமுத்து குறுக்கே புகுந்தார். மறைக்கிற வேலை இனி இல்லை என்றானதும் பழைய குரல் வந்துவிட்டது. "அதெல்லாம் இல்ல. அவ போட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்கெல்லாம் தொறந்து பாரு, தொறந்து பாருன்னு தொண்ட கிழியக் கத்துத பய நான். தொறந்து பாக்காம மாப்பிள கையில குடுத்தேன்லா? பூசக் கயிற அறுக்கக் கூடாதுன்னு பாத்தேன். குத்தம் என்னுது. இதுல எவளுக்கும் பங்கு கிடையாது."

"ஏன் பங்கு கிடையாது? போட்டது நான்."

"குடுத்தது நான்ட்டி!"

"மாமா" என்றான் மாடக்கண்ணு, சொரிமுத்துவைப் பார்த்து. வாய் தவறி வந்துவிட்ட மாமா. "வெரல உள்ள விட்டது நான்தான. நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாதீய."

வாசலில் நின்ற ஞானசௌந்தரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கர்த்தாவே, குத்தத்துக்கு இந்தப் போட்டி போடுத ஆளுகள நான் இங்கனதான் பாக்கேன்."

தனலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவோரத்திலிருந்து நேராக மாடக்கண்ணுவைக் கேட்டாள். "கொழல மேல பாத்துப் பிடிக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்க அப்பா பாடத்த நீங்க கேட்டதில்லையே."

அவன் நெளிந்தான். "யாரும் சொல்லல. பங்குல பெட்ரோல் அடிச்சு முடிச்சதும் குழாய மேல தூக்கித்தான் எடுப்போம். இல்லன்னா வண்டி மேல சொட்டிரும். கையில வாங்குனதும் பழக்கத்துல தானா தூக்கிட்டேன்."

அந்தக் குழல் தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லாருடைய முகத்திலும் வந்துபோனது. பிறகு பேச்சிராஜ்தான் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்துத் தெருப் பெண்கள் சிரித்தார்கள். சொரிமுத்து சிரித்தார். சந்தனமாரி அழுதுகொண்டே சிரித்தாள். இசக்கியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டுத் துண்டைக் கேசரியிலிருந்து பிடுங்கி, திருப்பிப் பார்த்து, ஓரமாக வைத்தாள்.

சொரிமுத்து துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். வெற்றுக் கூட்டையும் தோட்டாவையும் தனியாக ஒரு பையில் போட்டு மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க கெளம்புதிய?" என்றாள் சந்தனமாரி.

"டேசனுக்கு. லைசென்சுத் துப்பாக்கி. வெடிச்சா போயி சொல்லணும். நாமளா சொன்னா ஒரு மாதிரி, அவனா கேட்டு வந்தா ஒரு மாதிரி."

பேச்சிராஜ் வேட்டியில் ஒட்டிய தூசைத் தட்டிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, எதுக்கு வம்பு? ஒங்க ஊருல குரங்குத் தொல்ல ஜாஸ்தியில்லா. ஓட்டுல குரங்கு ஏறுச்சு, வெரட்டுனோம்னு சொல்லிருவோம்."

"நல்லா சொன்னீரு வே. குரங்கச் சுட்டேன்னு சொன்னா போலீசு விட்டாலும் வனத்துறைக்காரன் விடமாட்டான். உள்ளதச் சொல்லுவோம். பொண்டாட்டி சாமிக்குப் போட்டா, நான் பாக்காமக் குடுத்தேன்னு சொல்லுவேன். துப்பாக்கிய வாங்கி வச்சாம்னா வச்சிட்டுப் போறான். ஆளுக்குச் சேதமில்ல. அது போதும் எனக்கு."

அந்தத் துப்பாக்கி போனால் அந்த வேலையும் போகும் என்று சந்தனமாரிக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் பயமில்லை. பொய் சொன்னபோது வளைந்திருந்த முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது. போய் வரட்டும். என்னவானாலும் மிஷின் இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது. மகள் காரியம்தான் என்ன ஆகுமோ தெரியவில்லை. இசக்கியம்மாள் இன்னும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லையே. இதோ எழுந்திருக்கிறாள். சேலைத் தலைப்பை உதறுகிறாள். 'ஊருக்குப் போயி' என்று ஆரம்பிக்கப்போகிறாள்.

சொரிமுத்து படியிறங்கிச் செருப்பை மாட்டினார்.

"ஏலே பேச்சிராசு" என்று இசக்கியம்மாள் தம்பியை அதட்டினாள். "என்ன மசமசன்னு நிக்க? சம்மந்தி தனியாவா போலீஸ் டேசனுக்குப் போவாவ? நீயும் மாடக்கண்ணும் கூடப் போங்க. போயி நடந்தத நீங்களும் சொல்லுங்க."

செருப்பை மாட்டிய காலோடு சொரிமுத்து அப்படியே நின்றார். அடுப்படியில் எண்ணெய் தீய்ந்து புகைந்தது. யாரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை.